செலுவாயாவுக்குத் தப்புச் சொல்ல ஓர் ஆள்

"எனக்குத் தப்புச் சொல்ல இந்த ஊர்ல ஒரு ஆள் இல்ல."

செலுவாயா தினமும் காலையில் இதைச் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். பள்ளிக்கூட வாசலில் மாமரத்தடியில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, மாவைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, கேக்கே பொரிப்பாள். இனிப்பு உருண்டைதான். ஏழரை மணிக்குள் விற்றுத் தீர்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தேவாலயத்தின் பாலர் பள்ளிக்கு ஓடுவாள். அங்கே ஆறு வருஷமாக உதவியாளர் வேலை. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதிலிருந்து எண் சொல்லிக்கொடுப்பது வரை எல்லாம் அவள்தான். பெயர்ப்பலகையில் மட்டும் ஆசிரியை என்று வேறு ஒருத்தியின் பெயர் இருக்கும்.

தப்புச் சொல்ல ஆளில்லை என்பதைக் கேட்டால் கொழுப்பெடுத்த பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் அவள் சொல்வதில் பொய் இல்லை. ஐந்து தம்பிகளுக்கு ஒரே அக்கா. எங்கள் வவாவுத் தீவில் அக்கா என்றால் தம்பிக்கு மேலே. தம்பி பிள்ளைகளுக்கு அவள் அத்தை, அதற்கும் மேலே. அத்தை வாசலில் கால் வைத்தால் டிவி அணையும், சட்டையில் பொத்தான் ஏறும். அத்தை பன்றிக்குட்டி கேட்டால் பன்றிக்குட்டி, சைக்கிள் கேட்டால் சைக்கிள். இல்லை என்று சொல்ல வாய் கிடையாது. செலுவாயாவுக்கு அப்படித் தம்பி பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். ஊரில் பாதி.

ஒருநாள் அவசரத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பை அள்ளிக் கொட்டி மாவு பிசைந்துவிட்டாள். அன்றைக்கு எட்டுப் பிள்ளைகள் வாங்கித் தின்றார்கள். எட்டுப் பேரும் "நல்லா இருக்கு அத்தை" என்றார்கள். ஒன்பதாவதாக ஒரு நாய்க்குப் போட்டாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"அந்த நாய்க்கு இருக்கிற தைரியம் உங்க ஒருத்தனுக்கும் இல்லியேடா" என்று அன்றைக்கு முழுக்கத் திட்டித் தீர்த்தாள். எட்டுப் பேரும் தலையைக் குனிந்து, "ஆமாம் அத்தை" என்றார்கள்.

கணவர் இருக்கிறாரே, அவர் சொல்லக்கூடாதா என்றால், அவர் பாதி வருஷம் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கப் போய்விடுவார். மீதிப் பாதி வருஷம் ஊரில் இருப்பார், வாயைத் திறக்கமாட்டார்.

இப்படியே போயிருந்தால் அவளும் புலம்பிக்கொண்டே கேக்கே பொரித்துக் கிழவியாகியிருப்பாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தேவாலய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு முதல் பாலர் பள்ளியில் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும்தான் இருக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தலைநகர் நுகுவலோஃபாவில் ஒரு வருஷப் பயிற்சி. பயிற்சியில் சேர வேண்டுமென்றால் கணக்கில் நூற்றுக்கு ஐம்பது.

செலுவாயா ஐந்தாம் படிவத்தில் பள்ளியை விட்டவள். அம்மா படுத்துவிட்டாள், ஐந்து தம்பிகளுக்குக் கிழங்கு அவிக்க ஆள் வேண்டியிருந்தது. அன்றைக்கு மூடிய கணக்குப் புத்தகத்தை நாற்பத்திரண்டு வயதில் திறந்தாள். ஐம்பது வாங்கினால் பிள்ளைகளோடு இருக்கலாம். இல்லாவிட்டால் மாமரத்தடியோடு சரி.

பாதிரியாரின் மனைவிதான் பாலர் பள்ளிக்குத் தலைவி. தூரத்து நியூவாதோபுதாபு தீவிலிருந்து வந்தவர், இங்கே யாருக்கும் உறவில்லை. அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "செலுவாயா, உங்க சொந்தக்காரப் பையன்தான் பாடம் எடுக்கிறானாம், பரீட்சையும் அவன்தான் வைக்கிறானாம். அத்தைங்கிறதுக்காக ஐம்பது வந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்க வாங்கின ஐம்பதா இருக்கணும்."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் செலுவாயா.

அந்தச் சொந்தக்காரப் பையன் லோபெதி. மூத்த தம்பி வுனாவின் மகன். இருபத்தேழு வயது, கடல் கடந்து சூவாவில் போய்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த கணக்கு வாத்தியார். பெரியவர்களுக்காகச் சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு வைத்தான். பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர், வனிலாத் தோட்டக்காரர்கள் நாலு பேர், திமிங்கிலம் காட்டப் படகோட்டுகிறவர்கள், அப்புறம் செலுவாயா. அவள் முன் வரிசையில் வந்து உட்கார்ந்ததும் லோபெதி தரையைப் பார்த்தவன்தான், வகுப்பு முடியும்வரை தரைக்கே பாடம் எடுத்தான்.

இரண்டாவது வாரம் பல்லுறுப்புக் கோவை வந்தது. பலகையில் எழுதினான்:

900x + 3x² + x⁵

"இதோட படி என்ன?" என்று தரையைக் கேட்டான்.

"தொள்ளாயிரம்" என்றார் போலீஸ்காரர், கைது செய்கிற குரலில்.

"எட்டு" என்றார் ஒரு வனிலாக்காரர். x தலையில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்று என்று கணக்கு, அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து. எல்லாவற்றையும் கூட்டிவிட்டார்.

"அப்படியும்... அது வந்து... தலையில இருக்கிற சின்ன எண்ணைப் பாக்கணும். அதுல எது ரொம்பப் பெரிசோ, அது மட்டும்தான் படி" என்றான் லோபெதி. யாருக்கும் ஏறவில்லை. தொள்ளாயிரம் அவ்வளவு பெரிதாக முன்னால் உட்கார்ந்திருக்கிறதே.

செலுவாயாவுக்குத்தான் பட்டென்று விளங்கியது. திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏய்யா, சாவு வீட்டுக்குப் போறதில்லையா நீங்கல்லாம்? இடுப்புல இம்மாம் பெரிய பாயச் சுத்திக்கிட்டு, கிழிஞ்சு தொங்க விட்டுக்கிட்டு நிக்கிறவன் யாரு? இருக்கிறதிலேயே கீழ இருக்கிறவன். அடுப்படிப் புகையில கெடப்பான். மேல இருக்கிறவ சின்னப் பாயா கட்டிக்கிட்டு, பேசாம பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்திருப்பா. அந்தத் தொள்ளாயிரம் பாயி. பாயப் பாத்து ஏமாறாத, தலையப் பாரு. அஞ்சு."

"அப்ப எட்டு?" என்றார் வனிலாக்காரர் விடாமல்.

"எட்டுத் தம்பிங்க வரிசையா நின்னா ஒரு அக்கா ஆயிடுவாங்களா? கூட்டறதுக்கு இது என்ன தேங்காயா? ஒருத்தி வந்து உக்காந்தா கூட்டத்துக்கே அவதான் படி."

வகுப்பு முழுக்க "ஓ" என்றது. அதற்கப்புறம் படிக் கணக்கில் ஒருவரும் தவறவில்லை. லோபெதிகூட ஒரு நொடி தலையை நிமிர்த்திச் சிரித்தான். அப்படியே விட்டிருக்கலாம். செலுவாயா விடவில்லை.

"வெறும் ஏழு மட்டும் இருந்தா? x-ஏ இல்ல. அதுக்குப் படி ஒண்ணுதானே? எவ்வளவு கீழ்ப்பட்டவனுக்கும் ஒரு படியாவது இருக்குமில்ல?"

ஒன்று இல்லை, பூச்சியம். லோபெதிக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் கேட்டது அத்தை. தரையைப் பார்த்து, "அப்படியும் யோசிக்கலாம், அத்தை" என்றான்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்: வெறும் எண்ணுக்குப் படி ஒன்று.

மாதிரிப் பரீட்சையில் முப்பத்தொன்று வந்தது. விடைத்தாளில் ஒரு தப்புக்கோடும் இல்லை. மதிப்பெண் மட்டும் மூலையில் பூச்சி மாதிரி சின்னதாக இருந்தது. செலுவாயா நேரே வுனா வீட்டுக்குப் போனாள். லோபெதி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எழுந்த வேகத்தில் தேநீர்க் குவளை உருண்டது.

"எது தப்புன்னே போடாம முப்பத்தொண்ணுன்னா நான் எதத் திருத்திக்கிறது?"

"அத்தை, உங்க பேப்பர்ல செவப்பு மை..."

"என் பேப்பர்ல செவப்பு மைக்கு என்ன? இனிமே தப்புன்னா தப்புன்னு போடு. கேக்கல, சொல்றேன்."

அத்தை சொல்லிவிட்டாள், ஆக வேண்டியதுதான். அடுத்த வாரத்திலிருந்து தப்புக்கோடு வந்தது. கடுகு அளவில், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "மன்னிக்கவும் அத்தை" என்று எழுதி. ஒரு பக்கத்தில் பதினாறு மன்னிப்பு இருந்த நாளும் உண்டு. ஆனால் வாயைத் திறந்து ஒரு தடவைகூட அவன் 'தப்பு' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. செலுவாயா கடுகுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பொறுக்கிப் பொறுக்கித் திருத்தினாள். அடுப்பில் எண்ணெய் காயும்போது கணக்கு, கிழங்கு வேகும்போது கணக்கு. முப்பத்தொன்று நாற்பதாகி, நாற்பத்தைந்தாகி நின்றது.

கடைசிப் பரீட்சை நவம்பரில் நடந்தது. வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்துக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். புதன்கிழமைக் கப்பலில் அது நுகுவலோஃபாவுக்குப் போக வேண்டும். செலுவாயா, 49.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டாவது கேள்வியில் ஒரு தப்புக்கோடு. கடுகு இல்லை. பக்கத்தின் பாதியை வெட்டிக்கொண்டு, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, சிவப்பாக. மன்னிப்பும் இல்லை. இரண்டு மதிப்பெண் கேள்வி.

x²(x³ + 4) − x³(x² − 7) + 900x. இதன் படி என்ன?

அவள் 3 என்று எழுதியிருந்தாள். வீட்டுக்கு வந்து, கால் கழுவாமல், சோப்புப் பெட்டி அட்டையில் போட்டுப் பார்த்தாள். மூன்று வந்தது. இன்னொரு தடவை போட்டாள். மூன்று. முகம் கழுவிவிட்டு வந்து போட்டாள். அப்போதும் மூன்றுதான்.

இதை வெளியே சொல்லத்தான் வழியில்லை. அத்தை "மூணு" என்றால் லோபெதி "ஆமாம் அத்தை, மூணு" என்பான். "முப்பது" என்றாலும் "ஆமாம் அத்தை" என்பான். "திரும்பப் பாரேன்" என்று மெதுவாகச் சொன்னாலும் அது கட்டளை. அப்படி வருகிற ஐம்பதைப் பாதிரியார் மனைவி ஏற்கமாட்டார். அவளுக்கே அது ஐம்பதா என்று கடைசிவரை தெரியாது. உப்பு உருண்டையை நல்லா இருக்கு என்று தின்ற பிள்ளைகளின் ஊர் இது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து எல்லாரும் வுனா வீட்டில் சாப்பிட்டார்கள். இறைச்சியைக் கிழங்கிலையில் பொதிந்து மண்ணடுப்பில் வேகவைத்த லூவைப் பிரித்து வைத்துக்கொண்டே வுனாவின் மனைவி பிசிலா ஆரம்பித்தாள். லோபெதி அவளுடைய மகன்தான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் செலுவாயாவின் கண்ணில் படவே இல்லை.

"அண்ணி, ஒரே ஒரு மார்க்கு. அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னா நூறே போட்டுருவான்."

"அதனாலதான் சொல்லல."

"அவனோட மொதப் பன்னிய வாங்கிக்கிட்டீங்க. சைக்கிள வாங்கிக்கிட்டீங்க. அப்பல்லாம் யோசிச்சீங்களா?"

"பன்னி வேணும்னு கேட்டேன், பன்னி வந்துச்சு. மார்க்கு கேட்டா மார்க்கா வரும்? மரியாதைதான் வரும். அத வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது, வறுக்கிறதா?"

"எம் மகன் தப்புப் பண்ணிட்டான்னு சொல்றீங்களா?"

செலுவாயா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "தெரியலடி. எனக்கு மூணு வருது. நான் தப்பா போடறேனான்னு சொல்லக்கூட இங்க யாரும் இல்லியே."

பிசிலா அவள் தட்டில் இன்னொரு லூ வைத்தாள். "இதுல உப்பு சரியா இருக்கா அண்ணி?"

"கம்மி."

"ம். இப்படிச் சொல்ல உங்களுக்கு மட்டும்தான் முடியும்."

திங்கட்கிழமை மாலை மாவு வாங்கக் குவோவின் கடைக்குப் போனாள். கம்பி வலைக்குப் பின்னால் குவோ உட்கார்ந்திருந்தான். சீனாவில் எட்டு வருஷம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். மாவு மூட்டைகள் எதிர்த்துப் பேசாது என்று இங்கே வந்து கடை போட்டான் என்பார்கள். பத்து வருஷமாகியும் நம் பேச்சு அவனுக்குப் பாதிதான் வரும். ஆனால் அந்தப் பாதியில் வழவழா கொழகொழா கிடையாது.

செலுவாயா அவனைப் பார்த்தாள். இவனுக்கு நான் அத்தையும் இல்லை, அக்காவும் இல்லை. வாடிக்கை, அவ்வளவுதான். டின் மீன் பெட்டியின் அட்டையைக் கிழித்து, கேள்வியை எழுதி, வலைக்கு அடியில் தள்ளினாள்.

"குவோ, இதுக்குப் படி என்ன?"

"மாவு எத்தனை கிலோ?"

"பத்து. படி என்ன, சொல்லு."

அவன் பேனாவை எடுத்தான். நாலு வரி எழுதினான். "மூணு."

"நிச்சயமா?"

"மூணு. காலையில நீ வித்த கேக்கே, சர்க்கரை ரொம்ப. பல்லு வலி."

செலுவாயாவுக்கு அந்த வலைக் கம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். லோபெதி. கையில் காசு. மாட்டு இறைச்சி டின் வாங்க வந்திருக்கிறான், அதுவும் பெரிய டின். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. தப்புக்கோடு போட்டதற்கு அத்தை வீட்டுக்குக் கொண்டுபோக.

அத்தையைப் பார்த்தான், நின்ற இடத்திலேயே உறைந்தான். அப்புறம் அட்டையைப் பார்த்தான். அவன் எழுதிய கேள்வி, கீழே 3.

"இது... அஞ்சுல்ல?" என்றான் குவோவிடம்.

"மூணு."

"x ஸ்கொயரையும் x க்யூபையும் பெருக்கினா அடுக்கு அஞ்சாகும்."

"ஆகும். அங்கயும் ஆகும், இங்கயும் ஆகும். நடுவுல கழித்தல். அஞ்சும் அஞ்சும் போச்சு." குவோ வலைக்கு அடியில் அட்டையைத் திருப்பி விட்டான். "பாரு."

அதற்குள் வரிசையில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, தொள்ளாயிரம் இல்லியா?"

"அது பாயி சார்" என்றான் பின்னாலிருந்த படகுக்காரன்.

லோபெதி திரும்பினான். "அத்தை, நீங்க சொல்லுங்க. எது சரி?"

செலுவாயாவின் வாழ்க்கையில் இதைவிடக் கஷ்டமான இரண்டு நிமிஷம் கிடையாது. ஐந்து தம்பிகள், இருபத்து மூன்று பிள்ளைகள், எவர் எதைக் கேட்டாலும் பதில் நுனி நாக்கில் வைத்திருக்கிறவள். "மூணுடா மடையா" என்று தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் முடிந்தது. அவன் அந்த நொடியே ஒப்புக்கொள்வான், அப்புறம் அது கணக்காக இருக்காது. பையிலிருந்து ஆறிப்போன கேக்கே ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"அம்ம மாம் மாங்ங மம்மேம்" என்றாள். நான் மாவு வாங்க வந்தேன் என்று பொருள்.

வேறு வழியில்லாமல் லோபெதி பேனாவை வாங்கினான். அடைப்புக்குறியைப் பிரித்தான். x⁵ வந்தது. கூட 4x². அடுத்ததைப் பிரித்தான். கழித்தல் x⁵ வந்தது, அப்புறம் கூட்டல் 7x³. இரண்டு x⁵-ஐயும் பார்த்தான். ஒன்றை அடித்தான், மற்றதையும் அடித்தான். மிச்சம் நின்றது 7x³ + 4x² + 900x. அவன் காது இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி ஆயின.

"வாத்தியார் தப்பு" என்றான் குவோ, மாவு எடை போட்டுக்கொண்டே. யாரும் அவன்மேல் கோபப்படவில்லை. அவனுக்கு முறை தெரியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

லோபெதி டின்னை மறந்துவிட்டு, காசையும் மேஜையில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மாமரத்தடிக்கு வந்தான். சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருந்தான். கண் தூங்காத கண். கையில் தாள் கட்டு.

"அத்தை, பன்னெண்டாவது கேள்வி. மொதல்ல கூட்டல்னு எழுதி விடையும் எழுதிட்டேன். ரொம்ப சுலபமா இருக்கேன்னு தட்டச்சுப் பண்ணும்போது கழித்தலா மாத்தினேன். விடைய மாத்தல. மூணுன்னு எழுதினவங்க மூணு பேர். மூணு பேருக்கும் ரெண்டு ரெண்டு மார்க்கு கூட்டியாச்சு."

செலுவாயா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். நாற்பத்தொன்பதும் இரண்டும் ஐம்பத்தொன்று. ஆனால் அவன் போகாமல் நின்றான்.

"இன்னொண்ணு இருக்கு."

"சொல்லு."

"உங்க தாள்தான் மேல இருந்துச்சு. ஏழாவது கேள்வி, வெறும் ஏழோட படி. நீங்க ஒண்ணுன்னு எழுதியிருந்தீங்க. எனக்குக் கை வரல. சரின்னு போட்டுட்டேன். அப்புறம் ஒரே வெக்கமாப் போச்சு. அந்த வெக்கத்துல, பன்னெண்டாவதுல மூணுன்னு பாத்ததும், இதையாவது தைரியமா அடிக்கணும்னு கண்ண மூடிக்கிட்டு இழுத்துட்டேன். வேற யார் தாளா இருந்தாலும் ஒரு தடவை போட்டுப் பாத்திருப்பேன். அத்தைக்கே தப்புப் போட்டாச்சுன்னு மத்த ரெண்டு பேருக்கும் யோசிக்காம போட்டேன்."

"சரி. ஏழுக்கு என்ன?"

அவன் தலையைத் தூக்கினான். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அத்தையின் கண்ணைப் பார்த்தான்.

"தப்பு, அத்தை. ஒண்ணு இல்ல. பூச்சியம். x-ஏ இல்லாத இடத்துல அடுக்கு ஏது? ஒரு மார்க்கு கொறைக்கணும்."

சட்டியில் உருண்டைகள் கருக ஆரம்பித்தன. கேக்கே வாங்க நின்ற பிள்ளைகள் காசை நீட்ட மறந்தார்கள். செலுவாயா விரலை மடக்கினாள். ஐம்பத்தொன்றில் ஒன்று போனால் ஐம்பது.

"ஐம்பதா?"

"ஐம்பது. சரியா ஐம்பது. மூணு தடவை கூட்டிப் பாத்துட்டேன்."

"இத நீ ரெண்டாவது வாரமே சொல்லியிருந்தா ஐம்பத்தொண்ணு வாங்கியிருப்பேனேடா" என்றாள். திட்டுகிற குரல்தான். ஆனால் முந்தானை இல்லாத ஊரில் கண்ணைத் துடைக்க மாவுக் கைதான் இருந்தது. நெற்றியெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்டு நின்றாள். கருகாத உருண்டையாகப் பார்த்து ஆறு பொறுக்கி, வாழையிலையில் சுற்றி அவன் கையில் வைத்தாள்.

அவன் ஒன்றைக் கடித்தான். மென்றான். யோசித்தான்.

"சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, அத்தை."

"போதும், ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல."

பத்து மணிக்குப் புதுப் பட்டியல் கதவில் ஏறியது. ஊர் சும்மா இருக்குமா? அத்தை கடையில நின்னு முறைச்சாளாம், பையன் பயந்துட்டானாம் என்று பதினொரு மணிக்குள் பேச்சுக் கிளம்பிவிட்டது. பாதிரியார் மனைவி லோபெதியைக் கூப்பிட்டு விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டாவது கேள்வியைப் பார்த்தார், தலையாட்டவில்லை. அப்புறம் ஏழாவது கேள்வியில் சரி என்று போட்டதை அடித்து, தப்பு என்று திருத்தி, பக்கத்தில் ஒன்றைக் குறைத்திருப்பதைப் பார்த்தார். அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த ஊர்ல அத்தைக்கு மார்க்கக் கொறைச்ச ஒருத்தன் இருக்கான்னா, அவன் கூட்டினதையும் நம்பலாம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமைக் கப்பலில் பட்டியல் போனது. புது வருஷம் பிறந்து பத்து நாளில் செலுவாயாவும் போனாள், இரண்டு பாய், ஒரு மூட்டை கிழங்கு, அந்தக் கணக்கு அட்டையின் நகலோடு. அசல் அட்டையைக் குவோ தரவில்லை. சர்க்கரை விலைக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறான், இன்றைக்கும் இருக்கிறது. யாராவது அத்தை முறைத்து வாங்கிய ஐம்பது என்று ஆரம்பித்தால், பிசிலாவே அவர்களைக் கடைக்கு அனுப்பிவிடுகிறாள். "போய்ப் போட்டுப் பாத்துட்டு வந்து பேசு."

ஒரு வருஷம் கழித்துச் சான்றிதழோடு திரும்பி வந்தாள். இப்போது பாலர் பள்ளிப் பெயர்ப்பலகையில் செலுவாயாவின் பெயர்தான். காலை கேக்கேயும் விடவில்லை, சர்க்கரை மட்டும் ஒரு பிடி குறைந்திருக்கிறது. லோபெதி வாரம் ஒரு தடவை வந்து ஒரு தப்பாவது சொல்லிவிட்டுப் போகிறான். மற்ற இருபத்திரண்டு பேரும் இன்னும் "நல்லா இருக்கு அத்தை"தான். ஆகவே புலம்பலும் நிற்கவில்லை. "எனக்குத் தப்புச் சொல்ல இந்த ஊர்ல ஒண்ணரை ஆளுதான் இருக்கு" என்கிறாள். அரை ஆள் குவோ, அவனுக்குப் பாஷை பாதிதானே.

வவாவுத் துறைமுகம் நெயாஃபு பக்கம் வந்தால் திமிங்கிலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலை ஏழு மணிக்குள் பள்ளிக்கூட வாசல் மாமரத்தடிக்குப் போங்கள். இரண்டு கேக்கே வாங்கித் தின்றுவிட்டு, அதில் என்ன தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்றுமே தப்பாக இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். ஆனால் நன்றாக மென்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அவளுக்குத் தெரிந்துவிடும்.